கொதிவெள்ளம் தாங்கும் குப்பி

ஹாலந்துக்குப் போய்ச் சர்க்கரையில் பிளாஸ்டிக் செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது குளச்சல் கடற்கரையில் ஒருத்தரும் நம்பவில்லை. என் தம்பி ஆன்றோ மட்டும் நம்பினான். நம்பின கையோடு, "அப்போ எறும்பு அரிக்குமேக்கா, அதுக்கு என்ன செய்வா?" என்று கேட்டான். கடலுக்குப் போகிறவன், படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் கிண்டலில் அவனுக்கு எப்போதோ பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

பட்டம் கிடைக்காமல் கிடந்தது எனக்குத்தான். கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். கல்யாணப் பேச்சு, அப்பாவின் சாவு, தேர்வுத்தாள் திருத்தல் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. கேட்கக்கூடிய நீட்டிப்பையெல்லாம் கேட்டு வாங்கியாயிற்று. 2011 முடிந்தால் பதிவும் முடிந்தது. கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு வேண்டிய உலை எங்கள் பக்கத்தில் எங்கும் இல்லை. ஹாலந்தில் ஒரு ஆய்வுக்கூடம் மூன்று வாரம் இடம் தருவதாகச் சொன்னது.

என் வழிகாட்டி லீலா மேடம். தக்கலையில் வீடு. அவர் பெயரைச் சொன்னாலே எங்கள் துறையில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுவார்கள். வழியனுப்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "செலின், அங்க போயி ஒண்ணும் சாதிச்சுக் கிழிக்க வேண்டாம். பதினஞ்சு சதவீதம் போடு, ஒரு குப்பி ஊது, கொண்டு வா. வித்தை காட்டாத."

எங்கள் பக்கம் பாட்டிலுக்குக் குப்பி, தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். தண்ணீரும் கலரும் விற்கிற பிளாஸ்டிக் குப்பி ஒரு பாலியெஸ்டர். நீண்ட சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணிகளில் ஒன்று சணல் கயிறுபோல வளையும். எண்பது டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தக் கயிறு தொளதொளக்கத் தொடங்கும், விறைப்பாக நின்ற குப்பி குழைந்துவிடும். நான் செய்ய நினைத்தது, சில கயிறுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐசோசார்பைடு என்கிற கண்ணியை மாட்டுவது. குளுக்கோஸிலிருந்து கிடைக்கிற பொருள் அது. இரண்டு வளையம் ஒட்டிப் பாதி திறந்த புத்தகம்போல் மடங்கி நிற்கும், வளையாது. எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு சூடு தாங்கும். மேடம் சொன்ன பதினைந்து சதவீதம் அந்தக் கண்ணியின் அளவுதான்.

அம்மா பெட்டியை ஏத்தங்காய் சிப்ஸ், மீன் ஊறுகாய், கருப்பட்டி என்று நிறைத்துவிட்டாள். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி கருப்பட்டிச் சில்லை எடுத்து முகர்ந்தார். என்ன இது? சர்க்கரை என்றேன். எதற்கு வந்திருக்கிறீர்கள்? வாயை அடக்கியிருக்கலாம். நமக்கு அந்தப் பழக்கம் உண்டா? "சர்க்கரையில் பிளாஸ்டிக் செய்ய" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கருப்பட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். அழைப்புக் கடிதத்தை எடுத்துக் காட்டி, இது தின்கிற சர்க்கரை, அது வேறு சர்க்கரை என்று விளக்கி வெளியே வருவதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. அந்தக் குளிரிலும்.

அங்கிருந்து ரயில். ஹாலந்தில் ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும் என்று யார் கண்டது? முன்பாதி ஒரு ஊருக்கும் பின்பாதி வேறு ஊருக்கும் போகும். ஒலிபெருக்கியில் டச்சில் ஏதோ சொன்னார்கள். பக்கத்து ஊர்த் திருவிழா அறிவிப்பைக் கேட்பதுபோல நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே பின்னல் போட்டுக்கொண்டிருந்த பெண் என் பயணச்சீட்டை எட்டிப் பார்த்து, "நீங்கள் தப்பான பாதியில் இருக்கிறீர்கள்!" என்று கத்தினாள். என் பெட்டியின் ஒரு பிடியை அவளே பிடித்தாள். இருவரும் பிளாட்பாரத்தில் ஓடினோம். நான் ஏறிய பிறகு அவள் திரும்பி ஓடி, தன் பாதியில் தொற்றிக்கொண்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை. இரணியலில் ரயில் எத்தனை மணி நேரம் பிந்தி வந்தாலும் முழுசாக வருமே என்று அன்று முதல் தடவையாக நம்மூர் ரயில்மேல் மரியாதை வந்தது.

ஆய்வுக்கூடத்தில் உலைக்குப் பொறுப்பு ஹென்க். ஆறடிக்கும் மேலே, பேச்சு கொஞ்சம், மதியம் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே ஒரு பாலாடைக்கட்டி. தினமும் அதுவேதான். அதுவும் குளிர்ந்தது. காலையில் ரொட்டிமேல் சாக்லேட் துருவலைத் தூவித் தின்கிற மனிதர்கள் மத்தியானம் ஒரு கரண்டி சூடான குழம்புக்கு வழி செய்யவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நான் சோறும் மீன் ஊறுகாயும் திறந்த அன்று ஹென்க் ஜன்னலைத் திறந்தார். மறுநாள் ஒரு துண்டு கேட்டார். அதற்கு அடுத்த நாள் கேட்காமலே எடுத்தார்.

முதல் முயற்சியை நான்தான் கெடுத்தேன். சிறிய உலையில் கலவை உருகிக்கொண்டிருக்கிறது. உள்ளே காற்று போகக் கூடாது, போனால் இந்தச் சர்க்கரைக் கண்ணி கருகும். பாடத்தில் நானே நடத்துவதுதான். ஆனால் கை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பில் என்ன இருந்தாலும் போகிறவர் வருகிறவரெல்லாம் மூடியைத் திறந்து பார்ப்போம், மீன்குழம்பு என்றால் இரண்டு தடவை. அந்தப் பழக்கத்தில் மாதிரி எடுக்கிற வாயைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தேன். மாலையில் வெளியே வந்தது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஒரு கட்டி, தொட்டால் பொடிந்தது.

"சூப் எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று ஹென்க் கேட்டார்.

சவம், பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. இன்னும் மோசமான செய்தி அவரிடம் இருந்தது. சுத்தமான ஐசோசார்பைடு இன்னும் ஒரே ஒரு பெரிய தடவைக்குத்தான் உண்டு. அடுத்த ஜாடி வருவதற்குள் நான் ஊருக்குப் போயிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சந்தைக்குப் போனேன். ஒரு வண்டிக்கடையில் ஹெரிங் மீன், நம்ம சாளைக்குப் பெரியப்பா மகன் மாதிரி. குடலெடுத்து உப்பில் போட்டது, அடுப்பைக் காணாதது. வெங்காயம் தூவிக் கொடுக்கிறார்கள். கோட்டு சூட்டு போட்ட ஆள் வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து அப்படியே இறக்குகிறார். கடற்கரையில் பிறந்தவள் மீனுக்குப் பயப்படலாமா? நானும் வாலைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். வெண்ணெய்போல நழுவிப் போயிற்று, நல்ல ருசி! இன்னொன்றும் வாங்கினேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, பச்சை மீன் தின்றேன் என்றால் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாவின் குரலே சரியில்லை.

"ஒண்ணும் பேடிக்காண்டாம் மக்கா. ஆன்றோவுக்குக் காலு கொஞ்சம் பொள்ளிப்போச்சு."

"எப்பிடிம்மா?"

"வேற எப்பிடி? கடலுக்குப் போற அவசரம். சீரக வெள்ளம் கொதிச்சு எறக்குன ஒடனே குப்பியில ஊத்துனான். குப்பி சுருண்டு சாஞ்சிட்டு. வெள்ளம் முழுக்கக் காலுல."

எங்கள் பக்கத்தில் பச்சைத் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம்தான். அதையும் சூடாகவே குடிக்க வேண்டும். கலர் குடித்துக் காலியான குப்பியில் அதைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாத வீடு கடற்கரையில் இல்லை. குப்பி சுருங்கும், இடுப்பு ஒடியும், கோணிக்கொண்டு நிற்கும். திட்டிக்கொண்டே இன்னொன்றை எடுப்போம். ஆனால் இதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் கால் வெந்ததில்லை. எனக்குப் பதறிப்போயிற்று.

ஆன்றோ போனைப் பிடுங்கினான். "ஏக்கா, உனக்க பிளாஸ்டிக்குக்காவது ரோஷம் உண்டா? இல்ல அதுவும் சூடு கண்டா சுருண்டு படுக்குமா?"

"ஆறவச்சு ஊத்துனா உனக்கு என்னடே?"

"ஆறுகது வரைக்கும் கடலு காத்து நிக்குமா? நீ போனுக்குப் பைசா களையாத, வை."

வைத்துவிட்டேன். பதினைந்து சதவீதம் போட்டால் என் குப்பி தொண்ணூறு டிகிரிக்குச் சற்று மேலே தாங்கும். வெள்ளம் கொதிப்பது நூறில். தம்பி கேட்டதற்குப் பதில், என் பிளாஸ்டிக்கும் சுருண்டுதான் படுக்கும். அழுகை வந்தது, அழுதேன். பிறகு கோபம் வந்தது, அது அழுகையைவிட உபயோகமாக இருந்தது.

திங்கட்கிழமை ஹென்கிடம் முப்பது சதவீதம் போடலாம் என்றேன்.

"வேண்டாம். பழச்சாறு கம்பெனிகள் எண்பத்தைந்து டிகிரியில்தான் நிரப்புகின்றன. உங்களுக்குப் பதினைந்தே தாராளம். முப்பதில் சங்கிலி நீளாது, குப்பி நொறுங்கும், நிறம் கெடும். உங்களிடம் இருப்பது ஒரே வாய்ப்பு."

"எனக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்ற வேண்டும்."

"குப்பியில் கொதிக்கிற தண்ணீரை யார் ஊற்றுவார்கள்?"

"எங்கள் கடற்கரை முழுவதும். தினமும், விடிவதற்கு முன்னால்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஃபிளாஸ்க் வைத்துக்கொள்ளலாமே?"

"வள்ளத்திலிருந்து ஃபிளாஸ்க் விழுந்தால் முங்கிப்போகும். குப்பி மிதக்கும்."

அவர் கையிலிருந்த ரொட்டியை மென்று முடித்தார். "உங்கள் பட்டம், உங்கள் முடிவு" என்றார். முப்பது போடட்டுமா என்று மேடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டே வார்த்தையில் பதில் வந்தது: சொன்னதைச் செய். படித்தேன், கும்பிட்டேன், முப்பதுக்கு எடை போட்டேன். அந்தோணியாரே, நீர்தான் துணை.

செவ்வாய் காலையில் உலையை மூடினோம். இந்தத் தடவை நான் மாதிரி எடுக்கிற வாயின் பக்கமே போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சங்கிலி நீள நீள உருகல் கெட்டியாகும், துடுப்பு சுழலச் சிரமப்படும், அந்தச் சிரமத்தை ஒரு திரை எண்ணாகக் காட்டும். களி கிண்டும்போது கை வலித்தால் பதம் வருகிறது என்று தெரியுமல்லவா, அதேதான். ஆனால் ஐசோசார்பைடு மற்றக் கண்ணிகளைப்போலச் சட்டென்று கை கோக்காது, ரொம்பக் கூச்சம் அதற்கு. மத்தியானம் ஆயிற்று, எண் நகரவில்லை. சாயங்காலம் ஆகப்போகிறது, அப்போதும் இல்லை.

"நிறுத்திவிடலாம். இதற்குமேல் சூட்டில் வைத்தால் கறுக்கும்" என்றார் ஹென்க்.

"இன்னும் கொஞ்ச நேரம்."

"செலின்..."

"இன்னும் கொஞ்ச நேரம் ஹென்க். ப்ளீஸ்."

அவர் காப்பி எடுக்கப் போனார். நான் திரையையே முறைத்துக்கொண்டு நின்றேன். எண் ஒன்று ஏறியது. கண் ஏமாற்றுகிறதோ என்று பார்த்தேன். இன்னொன்று ஏறியது. பிறகு அது நிற்கவே இல்லை, மடமடவென்று ஏறத் தொடங்கியது. துடுப்பு மோட்டார் முனகியது. "ஹென்க்! ஏ ஹென்க்! ஓடி வாரும்!" என்று சுத்தத் தமிழில் கூப்பாடு போட்டேன். அவர் காப்பிக் கோப்பையோடு ஓடி வந்தார், பாதி சட்டையில் கொட்டியிருந்தது.

உலையின் அடியிலிருந்து கயிறாக இறங்கியது, இளம் தேயிலைத் தண்ணி நிறத்தில், ஆனால் கண்ணாடியாக. வளைத்தேன், ஒடியவில்லை. மறுநாள் கருவியில் வைத்துப் பார்த்தோம், நூற்று ஒன்பது டிகிரிவரை இளகவில்லை. நூற்று ஒன்பது! அந்த ஆய்வுக்கூடத்தின் நடைபாதையில் நான் குதித்த குதியைப் பார்த்து இரண்டு அறைக் கதவுகள் திறந்தன.

எண் வேறு, குப்பி வேறு. முதல் குப்பி ஊதும்போதே வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. ஹென்க் அலட்டிக்கொள்ளவில்லை. சூட்டுக்கு அசையாத பிளாஸ்டிக்கை இன்னும் சூடாக்கித்தானே ஊத வேண்டும் என்று இயந்திரத்தின் வெப்பத்தைக் கூட்டினார். அடுத்த மூன்றும் குப்பியாகவே வந்தன.

கெட்டிலில் தண்ணீர் குமிழி போட்டுக் கொதித்தது. ஹென்க் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, இரண்டு அடி தள்ளி நின்றார். நான் சீரகம் இல்லாத குறையோடு ஊற்றினேன். கழுத்துவரை ஊற்றினேன். ஆவி பறந்தது. குப்பி நின்றது. அசையவில்லை, சாயவில்லை, இடுப்பு ஒடியவில்லை. பிறகு ஹென்க் கடையில் வாங்கிய தண்ணீர்க் குப்பி ஒன்றைக் காலி செய்து பக்கத்தில் வைத்து அதிலும் ஊற்றினார். அது அடிபட்டதுபோலச் சுருண்டு படுத்தது.

"உங்கள் கடற்கரையில் தினமும் இதுதான் நடக்கிறதா?" என்று கேட்டார்.

"தினமும்."

"இனி நடக்க வேண்டாம்" என்று சொல்லி, உணர்ச்சி வேகத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு என் குப்பியைப் பிடித்தார். "ஆ!" என்று அலறிக் கையை உதறினார். குப்பி சூடு தாங்கும், கை தாங்காதே! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவருக்கு ஒரு குப்பியும் மிச்சமிருந்த மீன் ஊறுகாயும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரணியலில் ஆன்றோ நின்றுகொண்டிருந்தான், ஒரு காலில் செருப்பு, மறு காலில் கட்டு. பின்னால் கூட்டாளியின் ஆட்டோ.

"செயிச்சியா?"

"செயிச்சேன்டே. ஆனா மேடம் என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. சொன்னதைக் கேக்கல்ல."

"அப்போ வீட்டுக்குப் போண்டாம். நேர தக்கலைக்கு விடு மாப்ளே" என்று கூட்டாளியின் தோளில் தட்டினான். வழியில் குப்பியை எடுத்து வாயில் வைக்கப் போனான். குடிக்கலாமா என்பதற்கு வேறு சோதனைகள் இருக்கின்றன என்று பிடுங்கிவிட்டேன். "குடிக்கக் கூடாத குப்பிக்கா இந்தப் பாடு பட்டா?" என்றான்.

லீலா மேடம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் குப்பியை மேஜைமேல் வைத்தேன். அவர் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நிறம் கூடியிருக்கு. இது பதினஞ்சு இல்ல."

"முப்பது மேடம்."

"நான் என்ன சொன்னேன்?"

"பதினஞ்சு."

"அப்புறம்?"

விமானத்தில் மனப்பாடம் செய்துவைத்த பதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாசலில் நின்ற ஆன்றோவுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அடுப்புல வெள்ளம் கொதிக்க வைக்கட்டுமா?" என்று கேட்டேவிட்டான்.

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து அடுக்களைக்குப் போனார். பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு, அது இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வந்தார். ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவி அடங்கியது. குப்பி வைத்த மாதிரியே நின்றது.

"இவன் காலுக்கு என்ன?" என்றார் கடைசியில்.

"குப்பி சுருண்டு வெள்ளம் விழுந்தது மேடம். அதுக்காகத்தான் முப்பது போட்டேன்."

"இத ஏன் மெயில்ல எழுதல?"

"ஆராய்ச்சிக்கு அது காரணம்னு சொன்னா ஒத்துக்க மாட்டீங்கன்னு..."

"மடச்சி. முன்னுரையில முதல் பத்தியிலயே எழுது. மாசக் கடைசிக்குள்ள முழுசும் என் கையில இருக்கணும், நான் கையெழுத்துப் போடணும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி மேடம் என்றேன். ஆன்றோ வாசலில் விசிலடிக்கப் போய், மேடத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். கிளம்பும்போது குப்பியை எடுக்கக் கையை நீட்டினேன். மேடம் அதற்குள் வெள்ளத்தைக் கொட்டிவிட்டு, முந்தானையால் துடைத்து, கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், குப்பி..."

"நீ போ. இது இங்க இருக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் கீறித் திருப்பிக் கொடுத்தவர் அவர். இதைத் திருப்பித் தரவில்லை.